மடித்துத் தைத்த முனை

எல்ஸ்பெத் கில்மோர், பத்தொன்பது வயது, ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் அக்கா வீட்டு ஜன்னலோரம் நின்று மூன்றாம் முறையாக ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். பனிமூட்டம் கண்ணாடிவரை வந்து நின்றது. உள்ளேயும் எல்லாம் வெள்ளை. நிலைக்கண்ணாடி மேல் போர்த்திய துணி, கையில் மடித்தபடி பிள்ளையின் ஞானஸ்நான மஸ்லின் உடுப்பு, திறந்த சவப்பெட்டியில் அக்கா மேரியன். தாயைத் தூக்குமுன் பெட்டியருகிலேயே பிள்ளைக்கு ஞானஸ்நானம். போதகர் எந்நேரமும் வந்துவிடுவார்.

"முனையை மடிச்சுத் தைச்சியாடி?" என்றாள் பக்கத்து வீட்டு கிரிசல். "தொங்கவிட்டா ஆம்பளப் புள்ளனு நெனச்சிடப் போறாரு."

அந்த உடுப்பின் மார்புப் பூவேலை இடுப்பில் கூராக முடியும். பையனுக்கு அந்த முனை வெளியே தொங்கும். பெண்ணுக்கு உள்ளே மடித்துத் தைப்பார்கள். பத்து வருஷம் கிளாஸ்கோ வியாபாரிக்காக ஊரார் பிள்ளைகளுக்குத் தைத்த மேரியன், தனக்கென்று தைத்த ஒரே உடுப்பு இது. பையன்தான் என்று புருஷனிடம் அடித்துச் சொல்லி, முனையைத் தொங்கவிட்டிருந்தாள்.

பிரசவ மயக்கத்தில், "பையனா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா," என்றாள் எல்ஸ்பெத், பிறந்தது பெண் என்று தெரிந்தும்.

மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் அவள் இல்லை. அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் தையலை இப்போது அவள் முகத்துக்கு நேரே எப்படிப் போடுவது?

உடுப்பை விரித்தாள். முனை ஏற்கெனவே உள்ளே மடிந்திருந்தது. நான்கு தையல், கோணல்மாணலாக.

தான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் அக்கா பிள்ளையின் துணியைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். தெரிந்தும் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடி இது, தைச்சுத் தைச்சுக் கண்ணு எரிஞ்சா தடவுற விஸ்கியக் குடிச்சிட்டுத் தைச்சாப்ல!" என்றாள் கிரிசல். "பிரி, நான் போடறேன். மேரியன் மானம் போயிடும்."

"வேணாம் அத்த. அவ போட்டதுதான்."

கிரிசல் நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

போதகரோடு மேரியன் புருஷன் டூகல்ட் வந்தான். உடுப்பு மாட்டிய பிள்ளையை வாங்கியபோது அவன் தறிக்காரக் கட்டைவிரல் அந்த நான்கு தையலில் நின்றது.

"அவ தைச்சதா?"

"ஆமா மச்சான்."

போதகர் பெயர் கேட்டார். டூகல்ட் இத்தனை மாதமும் ஒரே ஒரு ஆண்பிள்ளைப் பெயரைத்தான் யோசித்து வைத்திருந்தான். பெட்டிப் பக்கம் பார்த்தான். "மேரியன்," என்றான்.

தண்ணீர் பட்டும் பிள்ளை அழவில்லை. பிறகு பெட்டியை மூடினார்கள். ஆறு பேர் குனிந்தார்கள்.

"கொஞ்சம் மெதுவாத் தூக்குங்க," என்றாள் எல்ஸ்பெத். "புள்ள இப்பத்தான் தூங்குது."