சலவைக்கு ரெண்டு டிக்கெட்

தையல்காரிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாய் மட்டும் கைவிடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் ஊசி குத்தி, நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். டயாலிசிஸ் என்று பஸ்ஸில் சொன்னால் போதும், பக்கத்து சீட்டுக்காரி உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவாள். அந்தப் பரிதாபம் இவளுக்கு ஆகவே ஆகாது. அதனால் கண்டக்டரிடம், "சலவைக்கு ரெண்டு டிக்கெட்!" என்பாள். சலவைதானே, பின்னே என்ன?

இரண்டாவது டிக்கெட் வெல்டர் அண்ணனுக்கு. அவரும் அதே நாற்காலிக் கூட்டம்தான். காலமெல்லாம் நெருப்போடு வேலை செய்தவர், ஆனால் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத அப்பிராணி.

பஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கும். ஒரு நாள் திடீரென்று அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பைபாஸ் வழிதானாம். நாற்சந்தியில் இறக்கிவிட்டுப் பறந்துவிடும், மிச்சத்துக்கு நடராஜா சர்வீஸ். போகும்போது உடம்பில் தேங்கிய நீரால் மூச்சு வாங்கும், திரும்பும்போது தலை சுற்றும். போன தடவை திரும்பி வரும்போது வெல்டர் அண்ணன் நடுரோட்டில் சுருண்டு விழுந்தார். லாரிக்காரன் பிரேக்கை மிதித்ததால் ஆள் மிஞ்சினார்.

"இனிமே நான் வரல தங்கச்சி. என்னை விட்டுடு," என்றார் அன்றைக்கு. வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னார். இன்று அவரைத் திட்டித் தீர்த்து, இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

நாற்சந்தியில் பஸ் நின்றது. வெல்டர் அண்ணன் நல்ல பிள்ளையாக எழுந்தார். தையல்காரி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, இறங்குங்க. நேரமாகுது," என்றான் கண்டக்டர்.

"இறங்க மாட்டேன்."

"அதுக்கப்புறம் டிப்போதான்!"

"அங்கதான் போகணும். இந்த ஆர்டரைப் போட்ட மகராசன் மூஞ்சிய நானும் பாக்கறேன்."

வண்டி நகர்ந்தது. அவள் நர்சுக்கு போன் போட்டு, வரத் தாமதமாகும் என்றாள். "காலை இடம் போயிடுமே அக்கா. மதியம் ரெண்டு நாற்காலி வச்சிருக்கேன். அதையும் விட்டா இன்னைக்கு வேற வழியே இல்ல," என்றாள் நர்ஸ். தையல்காரி போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

டிப்போ மேனேஜர் அறையில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்துப் பதறிப்போய், மனுஷன் தண்ணீரை நீட்டினார்.

"தண்ணிய எடுத்து உள்ள வைங்க சார். அதுதான் எங்களுக்கு எமன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பை ஏன் எடுத்தீங்க? அதைச் சொல்லுங்க."

"அந்த வண்டில வர்ற நோயாளிங்க யாரும் அங்க இறங்கறதில்லம்மா. விசாரிச்சுட்டுத்தான் எடுத்தோம். ஆஸ்பத்திரித் துணி துவைக்கற ரெண்டு பேர் மட்டும் இறங்கறாங்கன்னு கண்டக்டர் சொன்னான். வேலைக்குப் போறவங்க, கொஞ்சம் நடந்தா என்ன?"

வாசலில் நின்ற கண்டக்டர், "அக்கா, நீங்கதானே எப்பவும் சலவைக்குன்னு சொல்லுவீங்க..." என்று இழுத்தான்.

வெல்டர் அண்ணன் கூரையைப் பார்த்தார். "நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க," என்று முனகினார். அவருக்கும் பேச வந்துவிட்டது, அதுவும் இந்த நேரம் பார்த்து!

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டாள். ஊசி ஏறி ஏறிப் புடைத்த நரம்பைக் கண்டதும் மேனேஜர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"இதுதான் சார் நான் துவைக்கற துணி. என் ரத்தம். இந்த அண்ணனோட ரத்தம். உங்க பைபாஸ்ல இவரு லாரிக்கு அடியில போகப் பாத்தாரு. இப்ப சொல்லுங்க, கொஞ்சம் நடந்தா என்ன?"

"ஐயோ, தெரியாம போச்சும்மா. அடுத்த மாசம் மீட்டிங்ல கண்டிப்பா..."

"அடுத்த மாசம் உங்க மீட்டிங் இருக்கும். இந்த அண்ணன் இருப்பாரா?"

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "சரி, இப்ப என் ஜீப்ல ஏறுங்க. நானே கொண்டு விடறேன்."

வெல்டர் அண்ணன் ஜீப்புக்குக் கிளம்பியே விட்டார். "உட்காருங்கண்ணே!" என்று ஒரு அதட்டல். உட்கார்ந்தார்.

"இன்னைக்கு ஜீப் வரும். அடுத்த தடவை? உங்க தயவு எத்தனை நாளைக்கு சார் தாங்கும்? எங்களுக்கு பஸ் வேணும். மதியத்துக்குள்ள அந்த நாற்காலிக்குப் போகலைன்னா ராத்திரி எனக்கு மூச்சு முட்டும். போனாப் போகுது. ஆர்டர் வராம நான் எழுந்திரிக்கறதா இல்ல."

மிரட்டல் இல்லை அது. அவள் உதடு வெளுத்திருந்தது, உள்ளுக்குள் பயந்து செத்துக்கொண்டிருந்தாள். இருந்தும் அசையவில்லை. ஆனது ஆகட்டும் என்று வெல்டர் அண்ணனும் வாசல் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். போனை எடுத்து, வண்டி விடுகிற பிரிவைக் கூப்பிட்டார். "இன்னையிலேர்ந்து அந்த வண்டி ஆஸ்பத்திரி வாசல் வழியாப் போகட்டும்யா. போக வர ரெண்டு நேரமும்." அப்புறம் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "தற்காலிகம்னுதாம்மா போட முடியும். உங்க வைத்தியம் எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"நாங்க முடிஞ்சாத்தான் சார் அது முடியும்," என்றாள் தையல்காரி. "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. நிரந்தரம்னு போடுங்க."