மாயம்மாள் நடித்த படம்

நோட்டீஸ் வண்டி மட்டாஞ்சேரிக்குள் நுழைந்தபோது மாயம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ரிக்‌ஷாவின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மைக்கில் ஒருவன் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகக் கத்திக்கொண்டு வந்தான். "அரும்பு மீசை அப்பாதுரை! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வேதனிக்கும்! நம்முடெ மட்டாஞ்சேரியில் எடுத்த படம்! நாளை முதல்!" குடம் நிரம்பிப் புடவை நனைந்தது கூட அவளுக்குத் தெரியவில்லை. வயிறு அவளுக்கு அப்போதே வேதனிக்க ஆரம்பித்துவிட்டது.

ஊரில் படம் எடுத்தவர்கள் எல்லாம் படம் ஓடவேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள். நடித்துவிட்டு, படம் பெட்டியை விட்டு வெளியே வரவே கூடாது என்று மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்ட ஒரே நடிகை மாயம்மாள்தான். போன வருஷம் எடுத்த படம். பணம் போட்டவன் திவாலாகிவிட்டான் என்று நடுவில் ஒரு பேச்சு வந்தபோது, ஐயோ பாவம் என்று வாயால் சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டு கை சோறு கூடவே சாப்பிட்டாள். அம்மனுக்கு என்ன கோபமோ, கடைசியில் கைவிட்டுவிட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். மாயம்மாளுக்குக் கார்ப்பரேஷனில் தெருக்கூட்டும் வேலை. பஜார் ரோடு அவள் பங்கு. மிளகுத் தோல், சாக்குப் பிசிறு, சுக்குத் தூள், லாரியிலிருந்து உதிர்ந்த வைக்கோல் எல்லாவற்றையும் விடியும் முன்பே வாரிக் குவிக்கத் தொடங்கிவிடுவாள். அப்படி ஒரு காலையில் மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். வீட்டை விட்டு ஓடிவந்து கொச்சியில் சேட்டை பண்ணித் திரியும் ஒரு பையன், முடிவில் பொறுப்பு வந்து ஆம்பிளையாகித் திருந்துகிற கதையாம். பையன் தயாரிப்பாளருடைய தங்கை மகன். பதினேழு வயசு. மீசைக்கு மையால் கோடு இழுத்திருந்தார்கள். மாயம்மாளையும் பிடித்து நடிக்கச் சொன்னார்கள். அவன் சைக்கிளில் வந்து அவள் குவித்த குப்பையைக் கலைக்க வேண்டும். அவள் மறுபடி கூட்ட, அவன் மறுபடி கலைக்க வேண்டும். பிறகு அவன் இறங்கி, அவள் குனிந்து நடக்கிற நடையை இடுப்பை ஆட்டி நடித்துக் காட்டுவான். அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "விட்டுருங்க தம்பி, புண்ணியமாப் போகும்" என்று சொல்ல வேண்டும். அதுதான் காமெடி. சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். மிளகு மூட்டை அடுக்கிய கிட்டங்கி வாசலில் நின்ற சேட்டு கூடச் சிரித்தார். மாயம்மாளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வருகிற வழியில்தான் முகம் எரிந்தது.

வீட்டில் மகள் சந்தனமாரி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஹீரோகிட்ட பேசினியாம்மா? என்ன பேசின?" நல்லதாகப் போயிற்று, உண்மையைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "என்ன பேசினேனா? நாறடிச்சிட்டேன் அவன! குப்பைய கலைக்கிறான் படுவா. ஏலே, ஒங்காத்தா வீட்டுலயும் இப்படித்தான் கலைச்சுப் போடுவியோ? எறங்குலே சைக்கிள விட்டு! நீ கலைச்சத நீயே வாரிட்டுப் போன்னு கேட்டேன். அப்படியே நின்னுட்டான்." சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்த மாதிரி இருந்தது. நெஞ்சு ஆறியது.

அந்தப் பொய்யால் ஒரு பாவமும் வந்திருக்காது, மகள் மாரி இல்லாவிட்டால். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண். மலையாளப் பள்ளிக்கூடம். காலையில் சிநேகிதிகளோடு பஜார் வழியாகப் போகும்போது, அம்மா விளக்குமாறும் கையுமாக எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு எதிர் ஓரத்துக்குப் போய்விடுவாள். மாயம்மாளும் சட்டென்று திரும்பிச் சுவர்ப் பக்கம் கூட்டுவாள். இரண்டு பேரும் வீட்டில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சினிமாக் கதைக்கு அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. மறுவாரமே அந்தச் சிநேகிதிகளை இழுத்துக்கொண்டு நேராக வந்து நின்றாள். "இது எண்டெ அம்மா. ஹீரோயெ சீத்த பறஞ்ஞ ஆளா!" என்றாள். ஹீரோவையே திட்டின ஆளாம். அந்தப் பெண்கள் மாயம்மாளை மேலும் கீழும் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அன்றிலிருந்து தினமும் மாரி அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனாள். அந்த ஒரு நிமிஷத்துக்காக மாயம்மாள் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்வாள். இப்போது அது போகப்போகிறது. அதுவும் கொட்டகையில், ஊரே கெக்கெக்கே என்று சிரிக்க, மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினி ஷோவுக்குக் குடியிருப்பே கிளம்பியது. வெலிங்டன் தீவில் மூட்டை தூக்குகிற புருஷன் ஒச்சப்பன், துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று அவசரப்படுத்தினான். "ஏ மாயி, பவுடர் போட்டுக்கோ. ஸ்டாரு இல்லையா நீ!" அவன் தங்கை பாப்பாவும் வந்தாள். அவளுக்கும் தெருக்கூட்டும் வேலைதான். மதினிக்குக் கிடைத்த வாய்ப்பு தனக்குக் கிடைக்கவில்லையே என்று ஒரு வருஷமாக வெந்துகொண்டிருப்பவள். "எம் மதினி அப்படி என்னதான் கேட்டான்னு எங் காதால கேக்கணும்" என்று சொல்லிச் சொல்லி வேர்க்கடலைப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டாள். அதில் எவ்வளவு பிரியம், எவ்வளவு குத்தல் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கொட்டகையில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெண்கள் பெஞ்சு ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி இருந்தது. படம் ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். இல்லை என்று சொல்லக்கூடாது. அப்பாதுரை வாத்தியாரின் குடைக்குள் மாவைக் கொட்டினான். டொய்ங் என்று ஒரு சத்தம் வந்தது. சிரிக்கவேண்டிய இடம் என்று அர்த்தம். பிறகு அப்பனுடைய கண்ணாடியை உடைத்துவிட்டுத் தங்கச்சி மேல் பழியைப் போட்டான். டொய்ங். கண் தெரியாத பாட்டுக்காரர் தட்டிலிருந்து காசை எடுத்து ஐஸ் வாங்கித் தின்றான். டொய்ங். பள்ளுருத்தியிலிருந்து வந்த ஒரு கூட்டம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்துதான் முதல் கூவல் கிளம்பியது. "மதியெடா!" என்று ஒருத்தன், போதும்டா என்று. "இவனெ தல்லான் ஆருமில்லே?" என்று இன்னொருத்தன். இவனை அடிக்க ஒரு ஆளும் இல்லையா என்று கொட்டகை முழுக்க அதையே கேட்க ஆரம்பித்தது. அடிக்க ஆள் இல்லைதான். எல்லாரும் அவனைக் கொஞ்சினார்கள். கதாநாயகி அவனைக் காதலித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

இடைவேளையில் பாதிப்பேர் வெளியே போய் வரவில்லை. மாயம்மாளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "தலையிடிக்குது மாரி. படமும் கண்றாவியா இருக்கு. வா, போயிருவோம்."

"ஒன்ன பாக்காமயா? நல்லாருக்கே கத! நீ சும்ம இரி" என்று மாரி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் திரையில் பஜார் ரோடு வந்தது. கிட்டங்கிச் சுவர், அடுக்கிய சாக்குகள், விடிகாலை வெளிச்சம். ஓரமாக ஒருத்தி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். அது தான்தான் என்று மாயம்மாளுக்கு உடனே பிடிபடவில்லை. முதுகு இவ்வளவா வளைந்திருக்கிறது! "அம்மா!" என்று மாரி அவள் முழங்கையைக் கிள்ளினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து ஒச்சப்பனின் விசில் வந்தது. அது அவன் விசில்தான், அவளுக்குத் தெரியும். அப்பாதுரை சைக்கிளில் வந்து குப்பையைக் கலைத்தான். டொய்ங். ஒருத்தரும் சிரிக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி கலைத்தான். டொய்ங். கொட்டகையில் யாரோ காறித் துப்பினார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு இடுப்பை வளைத்து அவளைப் போல நடந்து காட்டினான்.

"எடா, அது நம்முடெ பஜாரிலெ சேச்சியல்லே!" என்று முன்வரிசையில் ஒருத்தன் எழுந்து நின்றான். அவ்வளவுதான். பள்ளுருத்திக் கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. "ஒரெண்ணம் கொடுக்கு சேச்சீ!" "விடாத மாயக்கா, சாத்து!" என்று குடியிருப்புக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெஞ்சைத் தட்டுகிறார்கள், காலால் தரையை இடிக்கிறார்கள். திரையில் இருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள். மாயம்மாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். இதோ வரப்போகிறது. கும்பிடப்போகிறாள். தாயே, இந்தக் கூரை இடிந்து விழட்டும்.

கூரை விழவில்லை. இரைச்சல்தான் இரண்டு மடங்காயிற்று. கண்ணைத் திறந்து பார்த்தாள். திரையில் அவள் இரண்டு கையையும் உயர்த்தியிருந்தாள். இரண்டு கைக்கும் நடுவில் விளக்குமாறு இருந்தது! ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் அதைச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் கும்பிட்டாள். கடை திறக்கிற நேரத்தில் வாசலுக்கு எதிரே விளக்குமாற்றைக் கீழே போட்டால் பஜார்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் அந்த ரோட்டில் கூட்டுகிற எவளுக்கும் கை தானாக அதை விடாது. படம் பிடிப்பதற்குள் கடை திறக்கிற நேரமாகிவிட்டதால் கை வழக்கப்படி நடந்துகொண்டுவிட்டது. ஈர்க்குகள் நட்டமாக நின்று அப்பாதுரையின் மூக்குக்கு நேரே போயிருந்தன. பையன் நிஜமாகவே பயந்து தலையைப் பின்னால் இழுத்தான். அவள் வாய் அசைந்து முடிந்ததும், ஒரு நொடி கூட நிற்காமல் காட்சி மாறிவிட்டது. கொட்டகை இடிந்தது. ஒரு செருப்பு பறந்துபோய்த் திரையில் பட்டது. பாப்பா பெஞ்சு மேல் ஏறி நின்று, கடலையெல்லாம் சிந்த, "போடு மதினி! போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

காட்சி மாறுவதற்குள், அந்த இரைச்சலுக்கு அடியில், பக்கத்து ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து மெலிசாக ஒரு குரல் கேட்டிருந்தது. விட்டுருங்க தம்பி, புண்ணியமாப் போகும். மாயம்மாளுக்குக் கேட்டது. அப்படியானால் பக்கத்தில் இருப்பவளுக்கும் கேட்டிருக்கும். அவள் திரும்பினாள். அத்தனை கூட்டத்தில் கத்தாமல் உட்கார்ந்திருந்தது மாரி ஒருத்திதான். திரையைப் பார்த்தபடி இருந்தவள், மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை. முழங்கையைப் பிடித்திருந்த கை மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் அப்பாதுரை திருந்தினான். யாரும் நம்பவில்லை. ஷூட்டிங் அன்று அந்தப் பையன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் மாமன்காரனிடம் ஏச்சு வாங்கி, ஓரமாகப் போய்த் தண்ணீர் குடித்தது மாயம்மாளுக்கு ஞாபகம் வந்தது. பாவம், எவ பெத்த பிள்ளையோ, இந்தக் கூவலை எந்த ஊரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறானோ. ஆனாலும் மகராசா, நீ இவ்வளவு கேவலமாக நடித்ததால்தானே நான் தப்பித்தேன் என்று மனசுக்குள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம், "சேச்சீ, கலக்கி!" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒச்சப்பன், தான்தான் விளக்குமாற்றைத் தூக்கியவன் போல மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். அப்பாடா! மாரிக்கும் கேட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் மாயம்மாளுக்கு ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. பசி கூட எடுத்தது. அப்போதுதான் பாப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மதினி, அந்தப் பயலுவ போட்ட சத்தத்துல ஒண்ணுமே காதுல விழலியே. என்னதான் கேட்ட அவன? ஒரு தடவ சொல்லேன்."

சுற்றி நின்றவர்களும் திரும்பினார்கள். ஒரு வருஷமாகத் தண்ணீர் பட்ட பாடாக இருந்த வசனம். இப்போது ஒரு சொல் கூட நாக்கில் வரவில்லை.

"எனக்குக் கேட்டுது அத்த" என்றாள் மாரி.

மாரி அம்மாவைப் பார்க்கவில்லை. பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் இறங்கினாள். இன்னொரு கையை, எதையோ இறுக்கிப் பிடித்த மாதிரி உயர்த்தினாள்.

"ஏலே! ஒங்காத்தா வீட்டுலயும் இப்படித்தான் கலைச்சுப் போடுவியோ? எறங்குலே சைக்கிள விட்டு!"

அடேயப்பா, என்ன குரல்! மாயம்மாள் ஒரு வருஷமாகச் சொன்னதில் இந்தக் காரம் இருந்ததே இல்லை. பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒச்சப்பன் கை தட்டினான். மாயம்மாளுக்குக் கண் நிறைந்து, மகள் இரண்டு மகளாகத் தெரிந்தாள். துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. மாரி நகரவில்லை. கையை இறக்காமல் அதன் பக்கம் திரும்பி, "நீ கலைச்சத நீயே வாரிட்டுப் போ!" என்றாள். டிரைவர் ஹாரனை விட்டுவிட்டு, தலையை வெளியே நீட்டி மேலே கேட்கத் தயாரானான்.