குத்துச்சண்டைக்காரன் சேற்றில் விழுந்தபோது

கிளிபோட்டுக்கு இருந்தது ஒரேயொரு நிபந்தனை: படம் முடியும்வரை இசை நிற்கக்கூடாது. கல்லூரி மண்டபத்தில் ஊமைப்படம் ஓட, திரைக்குப் பக்கத்தில் இருந்து கீபோர்ட் வாசிப்பதுதான் அவனுடைய இசைப் படிப்பின் இறுதிப் பரீட்சை. நின்றால் பெயில். பெயில் என்றால் ஒஷாவா நகரில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிஃப்ட். அவனுடைய அப்பா சீமோன் அங்கிள், அங்கேயுள்ள சூப்பர்வைசரோடு கதைத்து, அவன் வேலைக்குப் போட இரும்பு மூக்குச் சப்பாத்தும் வாங்கிவிட்டார். அளவு பார்க்கவென்று அதைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

மண்டபத்தை நிரப்பியது அம்மா றோசலின் அன்ரி. கிளிபோட் சின்ன வயதிலிருந்து கீபோர்ட் வாசிக்கும் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரைக் கூட்டிவந்திருந்தார்.

"படத்தில கதைக்கமாட்டினமோ?" என்று, கிளிபோட்டோடு படிக்கும் என்னிடம் கேட்டார்.

"இல்லை அன்ரி, ஊமைப்படம்."

"நல்லது. உவருக்கும் காட்டவேணும்" என்று சீமோன் அங்கிளைப் பார்த்தார்.

கல்லூரிப் பத்திரிகையில் நக்கலடிக்க எனக்கு விஷயம் தேவைப்பட்டது. நாயகன் குத்துச்சண்டைக்காரன், அரங்கேற்றத்துக்குப் போகிற பிள்ளையைவிடக் கண்ணில் மை கூட. அவனைப் பிடித்துப் போருக்கு அனுப்பினார்கள். துவக்கையும் குத்துவதற்கு ஓங்குவதுபோலவே பிடித்தான். நான் குறிப்பெடுத்தேன்.

பிறகு அவன், காயப்பட்ட எதிரிப் பொடியன் ஒருவனைத் தூக்கிவரப் பதுங்குகுழியை விட்டு வெளியே போனான். குண்டு பட்டுச் சேற்றில் விழுந்தான். இரண்டு கைகளும் விரிந்து கிடந்தன.

கிளிபோட் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"வாசியடா" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. பின்னால் இருக்கைகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம். எழும்பிப் போகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பினால் எல்லோரும் முழந்தாளில். பெரிய வெள்ளியன்று பாடுகள் வாசிக்கையில், யேசு உயிர்விடும் இடத்தில் அவர்கள் செய்வது அதுதான்: இசை இல்லை, பேச்சு இல்லை, முழங்கால் மட்டும். காரணம் தெரியாத மாணவர்களும் இறங்கினார்கள். பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுவதோடு என் முழங்காலின் சமயக் கடமை முடிந்துவிடும். அதுவும் இறங்கியது.

திரையில், குத்துச்சண்டைக்காரனுடைய பழைய போட்டி நடுவர், இப்போது அதே படையில் சிப்பாய், ஊர்ந்து வந்து, மேடையில் விழுந்தவனுக்குப் பத்துவரை எண்ணுவதுபோல விரல்களை ஒவ்வொன்றாக உயர்த்தி எண்ணினார். நூறு வருடத்துக்கு முந்திய விரல்கள். அவை நிமிர்வது எனக்குக் கேட்டது.

கடைசி விரலுக்கு, சேற்றில் ஒரு முட்டி அசைந்தது.

கிளிபோட்டின் கைகள் கீபோர்டில் விழுந்தன. உயிர்த்த ஞாயிற்றுப் பாட்டு. மண்டபம் எழும்பி நின்றது. றோசலின் அன்ரி பாடவே தொடங்கிவிட்டார்.

விளக்குப் போட்டபோது கிளிபோட் என் பக்கம் திரும்பினான். "நிப்பாட்டிப்போட்டன் மச்சான்."

"ஓம்" என்றேன்.

புள்ளி போட வந்திருந்த பேராசிரியை தரையிலிருந்து எழும்பி வந்தார். பேனை விழுந்துவிட்டது, தேடினேன் என்றார். பேனை அவருடைய கொண்டையில் இருந்தது. இசை எந்த இடத்திலும் நின்றதாகத் தனக்குப் படவில்லை என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

கடைசி வரிசையில் சீமோன் அங்கிள் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?" என்றார் அன்ரி.

"சைஸ் சரியில்லை" என்றார். "நாளைக்குத் திருப்பிக் குடுப்பம்."