ஏழாவது ஜோடி செருப்பு

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் வரைக்கும் பார்சல் வண்டி ஏறாது. ஜீப் ஓட்டுகிற ஷிஜு அண்ணன்தான் ஜங்ஷன் கடையிலிருந்து எடுத்து வருவார். அன்றைக்கு எனக்கு வந்தது ஏழாவது ஜோடி ஹீல்ஸ் செருப்பு. தோட்டத்தில் அட்டை கடிக்கும் என்று நாங்கள் நாள் முழுக்கப் போடுவதோ முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்.

"ஏட்டி முருகேஸ், இதை மாட்டிக்கிட்டு எந்த அரண்மனைக்குப் போற?" என்றாள் பக்கத்து வீட்டு ஜோமோள் அக்கா.

நான் பெட்டியைப் பிரிக்கவில்லை. முந்தின ஆறும் பிரிக்காமல் கட்டிலடியில்தான் கிடந்தன. சாயங்காலம் காய் நிறுக்கும்போது சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டிய நாள்களில் வாங்கியவை அவை. வீட்டுக்கு வந்து போனில் 'வாங்கு' பட்டனைத் தொட்டால் நெஞ்சு லேசாகும். பெட்டி வரும்போது அந்த லேசு இருக்காது.

மறுநாளும் தராசு முன்னால் அவர் ஆரம்பித்தார்.

"உனக்குக் கை வேலை செய்யுதா, சும்மா தொங்குதா?"

என் கை இடுப்பிலிருந்த போனைத் தேடிப் போனது. பாதியில் நிறுத்தினேன்.

"காய் குறைஞ்சா எடையைச் சொல்லுங்க சார். என் கையைப் பத்திப் பேசாதீங்க."

அவர் முகம் சிவந்தது.

"நாளைக்கு நீ மேட்டுச் சரிவுல தனியா காய் எடு."

"எடுக்கேன் சார். பூட்ஸ் இருக்கு."

திரும்பும் வழியில் ஜோமோள் அக்கா சிரித்தாள். "அப்போ இன்னைக்கு எட்டாவது செருப்பா?"

"கிடையாதுக்கா. அந்த ஏழும் உனக்கு அளவுன்னா எடுத்துக்கோ."