ஈஸ்டர் காலைப் பீடி

ஈஸ்டர் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் இன்னாசிராஜ் முதலில் கேட்டது காபியை அல்ல, மனைவி ஞானமேரி கேழ்வரகுப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த பீடி டப்பாவை. நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் சிலுவை வாங்கிய கையோடு டப்பாவை அவளிடம் ஒப்படைப்பார். ஈஸ்டரன்று திருப்பி வாங்கிக்கொள்வார். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் வழக்கம்.

மொரப்பூர் வட்டாரத்தில் அவரைப் போல் பீடி குடிப்பவர் கிடையாது. தக்காளித் தோட்டத்தில் நின்று ஒன்று பற்றவைத்தால், வத்தல்மலைக்காரர்கள் மழை மேகம் என்று நம்பிச் சாமை விதைக்கக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் ஆள் பரிசுத்தர். ஓர் இழுப்புக் கிடையாது. மூச்சிரைக்காமல் ஏரிக்கரை ஏறுவார். அவருடைய இருமலுக்குப் பதில் குரைத்தே பழகிய பக்கத்து வீட்டு நாய், வேலையில்லாமல் இளைத்துப் போகும்.

இதற்கு அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் உப்புத் தண்ணீர் ஓடி உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை ஆசிட் விட்டு அலசினால் மறுபடியும் ஒழுங்காக ஓடும்.

"ஒடம்பும் அதே மாதிரிதான் மேரி. தவக்காலத்துல அலசி வுட்டாச்சு. இனி ஒரு வருசத்துக்குத் தாங்கும்" என்பார். அவருக்கு இருந்த பிரஷருக்கான மாத்திரையும் அவர் கணக்கில் அதே அலசலில் அடங்கிவிட்டது. நினைத்தால் போடுவார், பாதி நாள் நினைக்கவே மாட்டார்.

அந்த ஈஸ்டர் காலையில், விட்டதை எல்லாம் பிடிக்கிறவர் போல ஒன்றின் நெருப்பில் இன்னொன்றைப் பற்றவைத்தார். பிறகு மோட்டார் போடத் தோட்டத்துக்கு நடந்தார். பாதி வழியில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. இடது கை கனத்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவர், வாயுப் பிடிப்பு, ஒரு சோடா போதும் என்றார்.

ஞானமேரி அவர் சட்டையைப் பார்த்தாள். கிணற்றில் முக்கி எடுத்தது போல நனைந்திருந்தது. சோடாவுக்குப் போகாமல் 108க்குப் போன் அடித்தாள். பண்டிகை நாளில் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றால் ஊர் என்ன பேசும், அடுப்பில் இருக்கிற கறி என்ன ஆகும் என்று அவர் முனகினார்.

"கறி ஆறிப்போனா சூடு பண்ணிக்கலாம். உங்க ஒடம்பு ஆறிப்போனா நான் என்னத்தச் செய்யறது? ஏறுங்க."

அரசு மருத்துவமனையில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நேரத்தோடு ஏறியது. உயிர் தங்கியது.

எழுந்து உட்காரும் தெம்பு வந்ததும் இன்னாசிராஜ், டாக்டர் தேன்மொழியிடமே சொட்டுநீர் விளக்கத்தை எடுத்துவிட்டார். வத்தல்மலையிலிருந்து படித்து வந்த பெண் அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஐயா, உங்க குழாய் பிளாஸ்டிக். அதுக்கு உசுரு இல்ல. ரத்தக்குழாயோட உள்பக்கம் உசுருள்ள தோலுங்க. வெங்காயச் சருகை விட மெல்லிசு. வேணுங்கறப்போ குழாயைத் தளர்த்தி விடறதும், ரத்தம் கட்டியாகாம வழுக்கிட்டு ஓட வைக்கறதும் அதுதான்."

பீடிப்புகை, அடங்காத பிரஷர், சர்க்கரை எல்லாம் அந்தத் தோலைத்தான் முதலில் புண்ணாக்கும் என்றார். புண்பட்ட இடத்தில் கொழுப்பு நுழையும். அது ஒருநாள் வெடித்தால் அங்கே ரத்தம் கட்டி வழியை அடைக்கும். அதுதான் மாரடைப்பு.

"அலசி வுடறதுக்கு அங்க ஒண்ணும் இல்லீங்க. புண்ணாக்காம இருந்தா, அதுவா ஆற ஆரம்பிக்கும். ஒவ்வொரு தவக்காலத்துலயும் ஆறப் பாத்திருக்கு. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நீங்க மறுபடியும் சுட்டிருக்கீங்க."

இன்னாசிராஜ் தலை குனிந்தார். கல்யாண மேடைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கண்ணுக்கே தெரியாத ஒரு தோல், ஒரு வார்த்தை கேட்காமல், வருடா வருடம் தன்னைத்தானே தைத்துக்கொண்டு இவரைச் சுமந்திருக்கிறது. டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அவங்களைக் கும்பிடுங்க" என்று ஞானமேரியைக் காட்டினார் தேன்மொழி. "சோடா வாங்கப் போயிருந்தாங்கன்னா நான் இங்க சும்மாதான் நின்னிருப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் இன்னாசிராஜ், மறுபடியும் பானைக்குள் போயிருந்த டப்பாவைக் கேட்டார். ஞானமேரியின் முகம் சுருங்கியது. எடுத்துக் கொடுத்தாள். அவர் பீடிகளை வாசலில் கொட்டித் தீ வைத்தார்.

"பொகை படாத பக்கமா நில்லுங்க" என்று அவள் இழுத்து நிறுத்தினாள். தீ அவிந்ததும் ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து அவர் நெற்றியில் சிலுவை போட்டாள். ஈஸ்டர் வாரத்தில் சாம்பல் புதன் வந்தது உலகத்திலேயே அந்த ஒரு வாசலில்தான்.

காலி டப்பாவில் பிரஷர் மாத்திரையைப் போட்டு மூடிவிட்டு அவர் சொன்னார்:

"உள்ள அந்தத் தோலு, வெளிய நீ. ரெண்டு பேரும்தான் என்னைய இத்தன வருசம் தாங்கியிருக்கீங்க மேரி. வருசத்துக்கொரு தரம் நல்லவனா இருந்தா சாமி வேணா மன்னிக்கும். ரத்தக்குழாய்க்குத் தெனமும் நல்லவனா இருக்கணும்."