நிறுத்த முடியாத மணி

எங்க ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. கட்டினவன் மறந்துட்டானான்னு கேட்டா, இல்லையாம், வெளிய பாத்தா எங்களுக்கு வேலைல கவனம் போயிடுமாம். வரிசையா மேஜை, மேஜைக்கு ரெண்டு திரை, தலையில ஹெட்செட். அந்த வயர் இழுக்கிற தூரம்தான் நம்ம உலகம். எங்க தீப்பிடிச்சாலும், எவனுக்கு நெஞ்சு வலிச்சாலும், அவசர எண்ணை அழுத்தினா மணி அடிக்கிறது இங்கதான். எடுக்கிறது என்னை மாதிரி வாயாடிங்க.

புதுச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி நாங்க பட்டது நாய் படாத பாடு. கூப்பிடுறவங்க எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது, பாதி நேரம் அவங்களுக்கும் தெரியாது. அடையாளம் சொல்லும்மான்னா, வாசல்ல மஞ்சப் பூனை உக்காந்திருக்கும்னு ஒருத்தி சொன்னா. பூனை எந்திரிச்சுப் போயிட்டா ஆம்புலன்ஸ்காரன் எங்க போவான்? அதைக்கூடப் பொறுத்துக்கலாம். பொறுக்க முடியாதது பாதியில கட்டாகிப் போற ஃபோன் கால். ஒரு மூச்சுச் சத்தம் கேக்கும், பட்டுன்னு போயிடும். திரும்பக் கூப்பிடலாமான்னு நினைக்கிறதுக்குள்ள அடுத்த மணி அடிச்சிடும். அப்படி விட்டுப்போன மூச்சையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, தட்டுல கைய வெச்சுக்கிட்டு சாப்பிடாம உக்காந்திருப்போம்.

அதனாலதான் நாடாளுமன்றக் குழு எங்க ஹாலுக்கே வந்து, சட்டத்துல என்னென்ன வேணும்னு கேட்டப்போ, எல்லாரும் ஒரே குரல்ல ஒண்ணைக் கேட்டோம். கட்டான காலை இயந்திரமே திரும்பக் கூப்பிடணும், முதல்ல எடுத்தவங்களுக்கே அது வந்து சேரணும். குழுவுல ஒரு அம்மா, வேணாம்னா நிறுத்துறதுக்கு ஒரு பட்டன் இருக்கட்டுமான்னு கேட்டாங்க. எங்க மேற்பார்வையாளர் வேகமா எந்திரிச்சாரு. எங்க சண்டை மூண்டாலும் அணைக்க ஓடி வர்றதால அவருக்கு நாங்க வெச்ச பேரு தீயணைப்பு. பட்டன் வெச்சா அலுத்துப்போன எவனாவது அதை அழுத்துவான், பட்டனே வேணாம்னு சொன்னாரு. நாங்களும் மண்டைய மண்டைய ஆட்டினோம். கட்டான காலைக் கண்டு பயந்துபோன எங்களைத் தவிர வேற யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டாங்க.

சட்டம் வந்துச்சு. புது இயந்திரமும் வந்துச்சு. கால் வந்தா வரைபடத்துல தெரு, கட்டடம், மாடி வரைக்கும் காட்டிடும். முதல் தடவை பாத்தப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. இனிமே பூனைய நம்பிப் பொழைக்க வேணாம்னு எல்லாரும் சிரிச்சோம்.

அப்புறம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிஞ்சு, கண்ணு சொக்குற நேரம். ஒரு கால் வந்துச்சு. பேச்சு இல்ல, மூச்சு மட்டும். பொம்பள மூச்சு. அடக்கி அடக்கி விடுறா. வழக்கமா சொல்றதைச் சொன்னேன், அவசர உதவி, என்ன ஆச்சுன்னு. தூரத்துல ஒரு கதவைத் தட்டுற சத்தம். அதோட ஒரு ஆம்பளைக் குரல், ரொம்பக் கனிவா, கண்ணு, கதவத் திற, பேசித் தீத்துக்கலாம்னு சொல்லுது. கத்துறவனைவிட இப்படிக் கனிவாப் பேசுறவன்தான் ஆபத்துன்னு இந்த வேலைல இருக்கிறவளுக்குத் தெரியும். எவனோ படுபாவின்னு மனசுல திட்டிக்கிட்டே வரைபடத்தைப் பாத்தேன்.

வரைபடம் மெல்லத் தெளிஞ்சு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துல வந்து நின்னுச்சு. அந்தக் கட்டடம் எனக்குத் தெரியும். அந்த மாடியும் தெரியும். அந்த வீட்டுக்குத் திரைச்சீலை எடுத்துக் குடுத்ததே நான்தான். அது என் தம்பி வீடு.

எங்கம்மாவுக்கு அவன் தவமிருந்து பெத்த பிள்ளை. என் இடுப்புலயே வளந்தவன். ஊர்ல யாருக்கு என்னன்னாலும் ஓடுவான், அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். அவன் பொண்டாட்டிதான் எங்க போனாலும் எதுலயாவது இடிச்சுக்குவா. ஒரு தடவை கன்னத்துல, ஒரு தடவை மணிக்கட்டுல. கேட்டா கதவுன்னு சொல்லுவா. இவ கண்ணு மண்ணு தெரியாம நடக்குறான்னு அம்மா சொல்லும். ஒரு நாள் அவ தயங்கித் தயங்கி அம்மாகிட்ட என்னமோ சொல்ல வந்தப்போ, அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லி அம்மா பேச்சை மாத்திடுச்சு. நான் மட்டும் என்ன யோக்கியம்? உன் வீட்டுக் கதவுக்கு உன்மேல என்னம்மா அவ்வளவு கோவம்னு கேட்டுச் சிரிச்சவதான். அவளும் கூடச் சேந்து சிரிச்சா.

இப்ப அந்த மூச்சு என் காதுக்குள்ள இருக்கு. அவளைத் தைரியப்படுத்தணும்னு தோணுச்சு. குரலைத் தாழ்த்தி, "நான்தான்மா. பயப்படாத. பேச முடியலன்னா ஃபோனை ஒரு தட்டு தட்டு"ன்னு சொன்னேன்.

கால் கட்டாயிடுச்சு.

திரையில சிவப்பா ஒரு வட்டம் வந்து சுருங்க ஆரம்பிச்சுது. அது முழுசாச் சுருங்கினா இயந்திரம் அந்த நம்பருக்கு மணி அடிக்கும். அவ ஒளிஞ்சிருக்கிற இடத்துல, அவ கையில, அது கத்தும். அவகிட்ட ஃபோன் இருக்குன்னே அவனுக்கு அதுவரைக்கும் தெரியாம இருந்திருந்தா? ரோந்து வண்டிய அனுப்புற பொத்தானைத்தான் முதல்ல அழுத்தினேன். அழுத்துறதுக்கு முன்னாடி விரல் ஒரு நொடி நின்னுச்சு, அதையும் சொல்லிடுறேன். தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க. அவன் வேலை போகும், மானம் போகும், அம்மா படுத்த படுக்கையாயிடும், எல்லாம் அந்த நொடியில வந்துட்டுப் போச்சு. ஆனா அழுத்திட்டேன்.

அப்புறம் அந்த வட்டத்தை நிறுத்த இருக்கிற விசையெல்லாம் அடிச்சுப் பாத்தேன். வயரைப் பிடுங்கலாமான்னுகூடக் கை போச்சு. தீயணைப்பு ஓடி வந்தாரு. சார், இதை நிறுத்துங்கன்னேன். அவரு திரையப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. வேற எதுக்கும் அசராத அந்த மனுஷன் முகம் சுண்டிப்போச்சு. முடியாதும்மா, நாமதானே வேணாம்னோம்னு சொன்னாரு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். வட்டம் சுருங்கி மறைஞ்சுது. மணி போக ஆரம்பிச்சுது.

அது அடிக்குது, அடிக்குது, அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு மணியும் அந்த வீட்டுல எங்க கேக்கும்னு எனக்குத் தெரியும். குளியலறைக்குள்ளதான் தாழ்ப்பாள் இருக்கு, அவ அங்கதான் ஒளிஞ்சிருக்கணும். ரொம்ப நேரம் கழிச்சு எடுத்தது ஒரு ஆம்பளை.

வணக்கம் சார்னான். பொண்டாட்டி ஏதோ தெரியாம அழுத்திட்டா, மன்னிச்சுக்கங்க, இங்க ஒரு பிரச்சினையும் இல்லன்னு பணிவாச் சொன்னான். லேசா மூச்சு வாங்குச்சு அவனுக்கு. நான் பேசித்தான் ஆகணும். பேசலன்னா வெச்சிடுவான். வெச்சுட்டு அவகிட்டதான் போவான். தீயணைப்பு ஹெட்செட்டுக்காக என் முன்னாடி கைய நீட்டினாரு, தான் பேசுறேன்னு. வேணாம்னு தலைய ஆட்டிட்டேன். வேற யார் பேசினாலும் அவன் ஒரு நிமிஷம்கூட நிக்க மாட்டான்.

"டேய், நான்தான்டா."

"அக்கா?" நிம்மதியாச் சிரிச்சான். "நல்லவேளை, நீயா எடுத்த. ஒண்ணும் இல்லக்கா, நீயே ரத்து பண்ணிடு."

பண்ணிடுறேன்டான்னேன். அவளை ஒரு வார்த்தை பேசச் சொல்லுன்னு கேட்டேன். குளிக்கிறா, அக்கான்னான். தண்ணி விழுற சத்தம் எதுவும் இல்ல. சத்தமே இல்ல. இருதலைக்கொள்ளி எறும்புன்னு சின்ன வயசுல மனப்பாடம் பண்ணியிருக்கேன், அன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சுது. பதறினா சந்தேகப்படுவான், விட்டா வெச்சிடுவான். அந்த நாற்காலில உக்காந்துக்கிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி நான் அவன் அக்காவா இருக்கணும்.

இருந்தேன். உன் குரல் விட்டு விட்டுக் கேக்குதுடா, பால்கனிக்கு வந்து பேசுன்னு பொய் சொன்னேன். சின்ன வயசுலேருந்து நான் சொன்னா கேப்பான், கேட்டான். அவளை விட்டு அவன் தள்ளிப் போறதை அவன் செருப்புச் சத்தத்துல எண்ணிக்கிட்டு இருந்தேன். அம்மாவோட பிரஷர் மாத்திரையப் பத்திப் பேசினேன். பைக்கை ஏன் இன்னும் மாத்தலன்னு திட்டினேன். இந்தச் சம்பளத்துல எங்கக்கா மாத்துறதுன்னு அவன் புலம்பினான், நான் சிரிச்சேன். இன்னொரு திரையில ரோந்து வண்டி ஒரு பச்சைப் புள்ளியா நகருது. சிக்னல்ல நின்னுச்சு. எனக்கு அந்தப் புள்ளியக் கையால தள்ளணும் போல இருந்துச்சு. நான் வாயால கொஞ்சினேன், கண்ணால அவனுக்குப் போலீஸை இழுத்துக்கிட்டு இருந்தேன். பாவி நான்னு தோணுச்சு. அதைவிடப் பெரிய பாவின்னும் தோணுச்சு, இவ்வளவு நாள் சும்மா இருந்ததுக்கு.

பேச்சுக்கு நடுவுல அவனே சொன்னான், கீழ போலீஸ் வண்டி ஒண்ணு வந்து நிக்குதுக்கா, யார் வீட்டுக்கோ பாவம்னு. யாருக்கோ என்னமோ, நீ சொல்லு, அம்மாவை எப்ப வந்து பாக்கப் போறன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமைன்னான். அதுக்குள்ள அவங்க வீட்டு மணி அடிச்சுது.

"யாரோ வந்திருக்காங்க, கொஞ்சம் இரு அக்கா. வெச்சிடாத."

"வெக்கலடா. போய்த் திற."

திறந்தான். பேச்சுக் குரல், பூட்ஸ் சத்தம். கொஞ்ச நேரத்துக்கு என் தம்பி குரல் மட்டும் தெளிவாக் கேட்டுச்சு, எங்க அக்கா உங்க அவசர உதவிலதான் இருக்காங்க, லைன்லயே இருக்காங்க, நான் எப்படிப்பட்டவன்னு அவங்களையே கேட்டுப் பாருங்கன்னு. ஒரு போலீஸ்காரம்மா ஃபோனை வாங்கினாங்க. நீங்க இவரோட அக்காவான்னு கேட்டாங்க. ஆமான்னேன். குளியலறையப் பாருங்க, முதல்ல அதைப் பாருங்கன்னேன். இதெல்லாம் அவன் காதுல விழுந்திருக்கும். அக்கான்னு ஒரு தடவை கூப்பிட்டான். கோவமாக்கூட இல்ல.

உயிரோட இருக்காங்கன்னு அந்தம்மா சொன்னப்போ, நான் மேஜைமேல தலைய வெச்சுட்டேன். கை உடைஞ்சிருக்கு, தலையில அடி, ஆனா நினைவு இருக்கு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டோம்னாங்க. தாழ்ப்பாள் பிஞ்சு கிடந்துச்சாம். மணி அடிச்ச பிறகுதான் பிச்சிருக்கான். தீயணைப்பு என் பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டாரு. அவங்ககிட்ட ஃபோனைக் குடுங்கன்னு நான் கேட்டேன். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கூடப் பேசிக்கிட்டு இருக்கணும், அதுவும் சட்டம்தான்.

அவ ஃபோனைக் காதுல வெச்சது தெரிஞ்சுது. அதே மூச்சு. நான் ஏதேதோ சொன்னேன், ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சும்மா, கண்ணை மூடாதம்மான்னு. அப்புறம் கேக்கக் கூடாததைக் கேட்டுட்டேன். ஏம்மா கட் பண்ண, அவன் பாத்துட்டானான்னு.

"அவர் பாக்கல அண்ணி," அவளுக்கு வார்த்தை குழறுச்சு. "நீங்க நான்தான்மான்னு சொன்னீங்க. அதான் வெச்சிட்டேன்."

ஆம்புலன்ஸ் இன்னும் வரல. நான் கட் பண்ணக் கூடாது, பேச ஒரு வார்த்தையும் கிடைக்கல. அவ மூச்சைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன்.