பத்தில் சேராதவள்

கொம்பு ஊதும்போது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. அகழிக்குள் இறங்கியவர்களின் காலடியில் மெல்லிய பனிக்கட்டி நொறுங்கியது. தோலா பிரம்புக் கூடையை நீட்டினாள். கீழே நின்ற ஆஸ்கட் மூன்று வெட்டு அள்ளிப் போட்டான். சாம்பல் நிறக் களிமண். நீர் ஊறிப் போயிருந்ததால் கூடையின் அடியிலிருந்து சொட்டியது. அவள் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டை நோக்கி நடந்தாள்.

நேற்று மதியம் வரை மேட்டின் தெற்குப் பக்கம் செங்குத்தாக நின்றது. இப்போது அது பாதி அகழி வரைக்கும் சரிந்து கிடந்தது. அதற்குள் எங்கோ அவள் தம்பி ஹுன்வின் இருந்தான்.

கூடையைக் கொட்டச் சொன்ன இடமும் அதுதான்.

தோலா சரிவின் ஓரத்தில் நின்றாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். தோளில் ஈரம் முதுகுவரை இறங்கியது. கொட்டவும் முடியவில்லை, சுமக்கவும் முடியவில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"அக்கா, இங்க வேணாம். அந்தாண்ட கொட்டிடு" என்றாள் லீவா, பின்னாலிருந்து.

"அந்தாண்டயும் அவன் மேலதானே, லீவா?"

லீவா தன் கூடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

நார்மன்காரர்கள் கடல் தாண்டி வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வந்த வருஷமே தோலாவின் புருஷன் சண்டையில் போய்விட்டான். அதன் பிறகு விலாங்குத் தெருவில் அவளும் ஹுன்வினும் மட்டும். போன வசந்தத்தில் அந்தத் தெருவின் நாற்பது வீடுகளையும் இடித்து, அந்த இடத்தில் மேடு போட ஆரம்பித்தார்கள். மேட்டின் தலையில் மரக்கோபுரம் வருமாம். அங்கே ஒருவன் நின்றால் போதும், ஆற்றில் எந்தப் படகு போகிறது, யார் வீட்டில் புகை வருகிறது, எல்லாம் தெரியும்.

சதுப்புநிலத்து ஜனங்களுக்குக் கரை போடத் தெரியும். ஒரு அடுக்கு களிமண், அதன்மேல் ஒரு அடுக்கு சரளையும் சுள்ளியும், பிறகு திமிசு போட்டு இடிக்க வேண்டும். சரளை வழியாகத் தண்ணீர் வெளியே போய்விடும். சரளை இல்லையென்றால் தண்ணீர் களிமண்ணுக்குள்ளேயே தங்கும். ஒரு நாள் எல்லாம் சேர்ந்து வழுக்கும். ஹுன்வின் இதை நார்மன்காரர்களின் காரியஸ்தர் ஹாமோவிடம் நேராகவே சொன்னான். சரளை ஆற்றின் அக்கரையிலிருந்து வர வேண்டும். புனித மார்ட்டின் திருநாளுக்குள் கோபுரம் நிற்க வேண்டும் என்பது ஹாமோவின் கணக்கு. வெறும் களிமண்ணையே போடச் சொன்னார். மூன்று நாள் மழை பெய்தது. நேற்று மதியம் தெற்குப் பக்கம் இறங்கியது. கீழே திமிசு போட்டுக்கொண்டிருந்த ஹுன்வின் தலை தூக்கிப் பார்த்ததைத் தோலா பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இல்லை.

"என்ன கூட்டம்?" என்று கத்திக்கொண்டு ஓர்ம் ஓடி வந்தான். ஓர்ம் துபாஷி. இந்த ஊர்க்காரன்தான். ஆனால் இப்போது நார்மன்காரர்களைப் போலத் தாடியை மழித்து, பிடரி முடியை ஏற வெட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் குதிரையில் ஹாமோ வந்தார். சின்ன உருவம். கையுறையைக் கழற்றாமலே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

பத்துப் பேர் கொண்ட ஒரு கட்டின் தலைவன் துர்கில் முன்னால் வந்தான். லீவாவின் புருஷன்.

"துரைகிட்ட சொல்லு, ஓர்ம். ஒரு நாள் கொடுத்தாப் போதும். ஹுன்வினை எடுத்து மாதா கோயில்ல புதைச்சிட்டு வந்துடறோம். அப்புறம் ராப்பகலா வேலை செய்யறோம்."

ஓர்ம் சொன்னான். ஹாமோ ரொட்டியை மென்றபடி ஏதோ சொன்னார்.

"துரை ரொம்ப வருத்தப்படறார். ஆனா நாள் இல்லைங்கறார். பாதிரியாரைக் கூட்டிட்டு வந்து மேட்டு மேலயே ஜெபம் பண்ணிடலாம், ஆண்டவனுக்கு எல்லா மண்ணும் ஒண்ணுதான்னு..."

"ரெண்டே வார்த்தைதானேடா சொன்னார்? உன் வாய்க்குள்ள போனதும் அது குட்டி போட்டுடுச்சா?" என்றான் ஆஸ்கட், அகழிக்குள்ளிருந்து.

யாரோ சிரித்தார்கள். ஓர்மின் காது சிவந்தது.

"சரி. அவர் சொன்னது, 'மேல கொட்டுங்க'. போதுமா? நேத்தே சொல்லிட்டார், தோண்டறவனுக்கு வலது கை போகும். அவன் கட்டே அவனைப் பிடிச்சுக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா பத்துப் பேரோட உழவு மாடும் போகும். மண் சரிஞ்சதுக்கு மழை மேல பழி போடாதீங்க, நீங்கதான் வேலையை ஒழுங்கா செய்யலைன்னும் சொன்னார்."

ஊரில் பன்னிரண்டு வயது தாண்டிய ஒவ்வொரு ஆணும் ஏதாவது ஒரு கட்டில் இருந்தான். ஒரு கட்டுக்குப் பத்துப் பேர். ஒருவன் தப்பு செய்தால் மற்ற ஒன்பது பேரும் அவனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதனால் நார்மன்காரர்களுக்கு ஊரில் காவலே தேவைப்படவில்லை. ஏழே ஏழு குதிரைக்காரர்களை வைத்துக்கொண்டு ஆறு கட்டு ஆட்களை மேய்த்தார்கள். அண்ணன் தம்பியைக் கவனித்தான். பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

நேற்று சாயங்காலமும் அதுதான் நடந்தது. துர்கில் சரிவைத் தோண்ட மண்வெட்டியோடு பாய்ந்தபோது அவன் கட்டுக்காரர்களே அவனைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்துகொண்டார்கள். ஆஸ்கட் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எனக்கு இருக்கறது ரெண்டே மாடுண்ணே."

இப்போதும் துர்கில் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

தோலா கூடையை இறக்கி வைத்தாள். களிமண்ணைத் தன் காலடியிலேயே கவிழ்த்தாள். வெறும் கூடையை எடுத்துக்கொண்டு சரிவின் மேல் ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் வரை புதைந்தது. ஹுன்வின் நின்றிருந்த இடத்துக்கு நேர் மேலே வந்ததும் குனிந்து இரண்டு கையாலும் மண்ணைப் பறித்துக் கூடையில் போட்டாள்.

"ஏய்!" ஓர்ம் கூவினான். "தோலா! கீழ இறங்கு! காதுல விழலையா?"

கூடை நிறைந்தது. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு கீழே வந்து அகழி ஓரத்தில் கொட்டினாள். திரும்ப ஏறினாள்.

ஹாமோ ரொட்டி தின்பதை நிறுத்திவிட்டு ஓர்மைப் பார்த்தார்.

"எந்தக் கட்டுடீ நீ? யார் கட்டுன்னு துரை கேக்கறார்!"

"பொம்பளைக்கு ஏதுடா கட்டு?"

ஓர்ம் விழித்தான். மொழிபெயர்த்தான். ஹாமோ கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினார்.

"சரி, உன் வீட்டு ஆம்பளை யாரு? உனக்கு யார் பொறுப்பாளி? அவனைக் கூப்பிடுங்கறார்."

தோலா நிமிர்ந்தாள். முகத்தில் விழுந்த முடியை மண் கையாலேயே ஒதுக்கி, காலடியைக் காட்டினாள்.

"இங்கதான் இருக்கான். என் காலுக்குக் கீழ. அவனைத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன். துரைக்கு அவசரம்னா அவரும் வந்து ரெண்டு கூடை அள்ளட்டும்."

ஓர்ம் வாயைத் திறந்து மூடினான். இதை எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் ஹாமோவுக்கு அவள் கை எங்கே காட்டியது என்பது புரிந்துவிட்டது.

அவர் விரலைச் சொடுக்கினார். ஒரு குதிரைக்காரன் சரிவில் குதிரையை ஏற்றினான். நான்கு அடிகூடப் போகவில்லை. முன்னங்கால் இரண்டும் மார்பு வரை களிமண்ணில் இறங்கின. குதிரை கனைத்து உதறியது. அவனே இறங்கி அதை இழுக்க வேண்டியதாயிற்று.

"சரளை போட்டிருந்தா ஏறியிருக்கும்" என்றான் ஆஸ்கட், யாரிடமும் இல்லாமல்.

அப்போது லீவா தன் கூடையைக் கவிழ்த்தாள்.

"லீவா!" என்றான் துர்கில்.

"என்ன?"

"நீ போனா எனக்குப் பொறுப்பு. எனக்குப் பொறுப்புன்னா ஒன்பது பேருக்கும் பொறுப்பு."

"தெரியும். அதான் சொல்லிட்டுப் போறேன்."

அவள் ஏறினாள். தோலா கை நீட்டி அவளை இழுத்துக்கொண்டாள். ஒரு கூடை மாற்றி ஒரு கூடை இறங்கியது.

துர்கிலின் கட்டு அகழி ஓரத்தில் கூடியது. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பிடித்து இறக்கு அவளை. நீ இறக்கேன் பார்ப்போம். என் மாடு போனா வசந்தத்துல ஏர் யார் இழுப்பா, நீயா? ஆஸ்கட் மட்டும் ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு, "ஒரு சந்தேகம்" என்றான். "ஒன்பது பேர் சேர்ந்து ஒருத்தனைப் பிடிச்சுக் கொடுக்கணும். சரி. பத்துப் பேரும் தோண்டினா யார் யாரைப் பிடிச்சுக் கொடுக்கறது?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"உனக்கு ரெண்டே மாடுன்னியே?" என்றான் துர்கில்.

"இப்பவும் ரெண்டுதான். நேத்து ராத்திரி பூரா தூங்கலைண்ணே. உன் காலைப் பிடிச்ச கை இது." ஆஸ்கட் அகழியிலிருந்து ஏறி வந்தான்.

பத்துப் பேரும் சரிவில் ஏறினார்கள். கைவிட்டுக் கைமாறிக் கூடைகள் இறங்கத் தொடங்கின. துர்கில் ஓர்மைத் திரும்பிப் பார்த்தான்.

"துரைகிட்ட சொல்லு. எங்களைப் பத்துப் பத்தாக் கட்டினது அவங்கதான். ஒருத்தன் செஞ்சா பத்துப் பேரும் செஞ்ச மாதிரின்னு சொன்னதும் அவங்கதான். சரின்னு பத்துப் பேரும் செய்யறோம்."

ஹாமோ கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. எண்ணினார். வெட்டினால் பத்து வலது கைகள் வேலைக்கு இல்லாமல் போகும். திருநாளுக்குப் பதினோரு நாள். குதிரைக்காரன் ஒருவனை அழைத்து ஏதோ சொல்ல, அவன் வடக்குச் சாலையில் விரட்டிக்கொண்டு போனான்.

"பக்கத்துக் கோட்டைக்கு ஆள் போயிருக்கு" என்றான் ஓர்ம், மெல்லிய குரலில். "முப்பது பேர் வருவாங்க. உச்சி சாயறதுக்குள்ள வந்துடுவாங்க. இப்பவே இறங்கிடுங்க."

துர்கில் சூரியனைப் பார்த்தான். பிறகு சரிவைப் பார்த்தான்.

"உச்சி வரைக்கும் நேரம் இருக்குன்னு சொல்றான்" என்று மேலே கத்தினான்.

கிழக்குப் பக்கத்தில் வேலை செய்த இரண்டாவது கட்டு திமிசுகளைச் சாய்த்துவிட்டு நின்று பார்த்தது. அதன் தலைவன் ஏதோ சொன்னான். அங்கே கொஞ்சம் தள்ளுமுள்ளு நடந்தது. இரண்டு பேர் விலகி அகழிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மற்ற எட்டுப் பேரும் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலகைகளைச் சரிவின் மேல் விரித்தார்கள். அதற்குப் பிறகு யார் காலும் புதையவில்லை. உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவன் எழுந்து வந்தான். மூன்றாவது கட்டுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் கேட்காமலே வரிசையில் நுழைந்தார்கள்.

தோலாவின் நகங்கள் பிய்ந்திருந்தன. லீவா அவளைப் பலகையில் உட்கார வைக்கப் பார்த்தாள். தோலா உட்காரவில்லை. உட்கார்ந்தால் வடக்குச் சாலை கண்ணில் படும்.

"இன்னும் எவ்வளவு?" என்றாள்.

குழிக்குள்ளிருந்த ஆஸ்கட் மண்வெட்டியின் பிடியைக் களிமண்ணில் செருகிப் பார்த்தான்.

"ஒரு ஆள் ஆழம்."

அவள் கீழே கை நீட்டினாள். அவன் கூடையைக் கொடுத்தான். அவள் அதை லீவாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கூடைக்குக் கை நீட்டினாள்.